சோதனை ஜாதகங்கள்

முத்துக்கருப்பன் வாடிப்பட்டியில் பம்புசெட் மோட்டார் விற்றுக்கொண்டிருந்த காலத்தில் அவரை யாரும் மேதை என்று சொன்னதில்லை. எண்பத்தேழில் மதுரை கே.கே. நகருக்கு வந்து, ஒரு டாக்டரின் கிளினிக்குக்கு மேலே மாடியைப் பிடித்து, கம்ப்யூட்டர் ஒன்றை இறக்கி, ஜாதகம் கணித்துத் தர ஆரம்பித்த பிறகும் யாரும் சொல்லவில்லை. ஆகவே அவரே சொல்லிக்கொள்ள வேண்டியதாயிற்று. அச்சாகி வரும் ஒவ்வொரு ஜாதகத்தின் முதல் பக்கத்திலும் அவர் பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் இருக்கும். முதலில் 'கணிப்பொறி ஜோதிடர்' என்று மட்டும் இருந்தது. பிறகு 'கலைமணி' சேர்ந்தது. ஆடியில் மாமணி ஆனார். தீபாவளிக்குள் சக்கரவர்த்தி.

கம்ப்யூட்டர் இருந்த அறைக்கு ஏ.சி. உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பெட்டியின் நெற்றியில் தினமும் விபூதிப் பட்டையும் நடுவில் குங்குமமும் வைக்கப்படும். அதன் எதிரே வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் பேச்சிமுத்து. எம்.எஸ்ஸி. கணிதம் படித்தவன். ஜாதகம் கணிக்கும் புரோகிராமை எழுதியவன் அவன்தான். முத்துக்கருப்பனின் சித்தப்பா மகள் அன்னக்கொடியைக் கட்டியவன் என்பதால் வீட்டில் அவருக்கு மாப்பிள்ளை. அறைக்குள் அவரை சார் என்று கூப்பிட வேண்டும் என்று ஏற்பாடு. அவர் மட்டும் அறைக்குள்ளும் அவனை மாப்ள என்றே கூப்பிட்டார்.

புரோகிராமில் எதை மாற்றினாலும் உடனே சோதனை ஓட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்தச் சட்டத்துக்கு ஒரு காரணம் இருந்தது. ஆரம்பத்தில் ஒரு நாள், அச்சில் ஒரு கோட்டை நகர்த்தப்போய், அன்று வந்த அத்தனை பேருக்கும் சனி ஒரு கட்டம் தள்ளி உட்கார்ந்துவிட்டது. அதை நம்பி ஒரு நிச்சயதார்த்தம் நின்று, பெண் வீட்டார் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். அதற்குப் பிறகு சமயநல்லூர் ஜோசியர் வீரணனைப் பிடித்து, இருபது பேருக்கு மேல் கையால் ஜாதகம் எழுதி வாங்கினார்கள். பேச்சிமுத்து அவற்றையெல்லாம் பெட்டிக்குள் ஏற்றி வைத்தான். ஏதாவது மாற்றம் செய்தால் பெட்டி அத்தனை ஜாதகத்தையும் தானே புதிதாகக் கணித்து, வீரணன் எழுதியதோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே சரி என்றோ தவறு என்றோ காட்டும். மனிதன் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. இருந்தாலும் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

ஆனால் அது ஓடி முடிய மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும். நூற்றிருபது வருஷத் தசையைப் புத்தியாகவும் அந்தரமாகவும் பிரித்து, ஒவ்வொரு அந்தரமும் தொடங்கும் நாளைத் தமிழ்த் தேதியில் சொல்ல வேண்டும். அதற்காகப் பெட்டி ஒவ்வொரு தடவையும் சூரியன் எங்கே நிற்கிறது என்று முதலிலிருந்து கணக்குப் போட்டது. அதுவரை வாடிக்கையாளர்கள் மாடிப்படியில் காத்திருந்தார்கள். கிளினிக்கின் காய்ச்சல்காரர்களும் அதே படியில்தான் உட்காருவார்கள். வரிசை கலந்துபோய், சில பேர் இரண்டு இடத்தையும் முடித்துக்கொண்டு போனார்கள்.

சோதனை ஏன் தினமும் ஓட வேண்டியிருந்தது என்றால், முத்துக்கருப்பன் தினமும் காலையில் பட்டத்தில் ஏதாவது திருத்தம் சொல்வார். பட்டத்தை மாற்றினால் கிரகம் நகராது, அதற்குச் சோதனை வேண்டாம் என்று பேச்சிமுத்து ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். பட்டத்திலும் தப்பு வரலாமில்லையா என்று அவர் கேட்டார். அவன் சோதனையை ஓட்டினான். சோதனை மெதுவாக ஓடுவது அவனுக்கு வசதியாகத்தான் இருந்தது.

காரணம் அன்னக்கொடி. அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. குலதெய்வத்தின் பெயராக ஒச்சாயி என்று வைத்து, பாப்பா என்று கூப்பிட்டார்கள். போன ஐப்பசியில், ஒரு வயது நிறைவதற்கு முன்னாலேயே, காய்ச்சலில் போய்விட்டது. காய்ச்சல் கண்டது செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமையில் ஆஸ்பத்திரிப் படி ஏறுவானேன், விடியட்டும், நாளைக்குப் போகலாம் என்று சொன்னது அன்னக்கொடி. சரி என்று சொன்னது பேச்சிமுத்து. புதன்கிழமை போனார்கள்.

அதற்குப் பிறகு அவள் அழுதது குறைவு. சமைத்தாள், துவைத்தாள், ஊர்ப் பேச்சு பேசினாள். மாலையில் அவன் சமயநல்லூர் வீட்டுக்குள் நுழைந்து சட்டையைக் கழற்றும்போது மட்டும் ஒன்று கேட்பாள். பாப்பா பிறந்த நேரத்தை மிஷினில் போட்டுப் பார்த்தீர்களா என்று. செவ்வாய்க்கிழமை போயிருந்தால் பிழைத்திருப்பாளா, இல்லை எப்படியும் அம்புட்டுத்தானா என்று அவளுக்குத் தெரிய வேண்டும். வீரணனிடம் போய்க் கேட்டிருக்கிறாள். ஒரு வயது முடியாத பிள்ளைக்கு ஜாதகம் எழுதும் வழக்கம் இல்லை, போன பிள்ளைக்கு எழுதவே கூடாது என்று அவர் அனுப்பிவிட்டார். மிச்சம் இருந்தது மிஷின்தான்.

இன்றைக்கு மிஷினுக்கு நேரமில்லை, சோதனை ஓடியது என்று பேச்சிமுத்து சொல்வான். அது பொய்யும் இல்லை.

மிஷின் என்ன சொல்லும் என்று அவனுக்குத் தெரியும். 'இந்த ஜாதகர் தீர்க்காயுள் உடையவர்' என்ற வரியை அவன்தான் தட்டி வைத்தான். ஆயுள் பகுதிக்கு வீரணன் ஒன்பது விதமான பலன் சொன்னார். அதில் எட்டை முத்துக்கருப்பன் அடித்துவிட்டார். துட்டுக் கொடுத்து ஜாதகம் வாங்குகிறவனிடம் நீ சீக்கிரம் சாவாய் என்று சொல்வது வியாபாரத்துக்கு ஆகாது என்பது அவர் கொள்கை. ஆகவே எந்த நட்சத்திரமாக இருந்தாலும் தீர்க்காயுள். சோதனைக்காக ஏற்றிய ஜாதகங்களிலும், இருந்தவர் இறந்தவர் பார்க்காமல், அந்த வரியே சேர்க்கப்பட்டது. அன்னக்கொடி அதைப் படித்தால் என்ன நினைப்பாள் என்பதைக் கணிக்க அவனுக்கு எம்.எஸ்ஸி. தேவைப்படவில்லை.

தை மாதம் நிலையத்துக்கு முதல் ஆண்டு விழா. அதற்குள் சோதனையை வேகப்படுத்தியாக வேண்டும் என்று முத்துக்கருப்பன் சொல்லிவிட்டார். விழாவுக்கு வரும் பெரிய மனிதர்கள் முன்னால் அதை ஓட்டிக் காட்டுவது அவர் திட்டம்.

பேச்சிமுத்துவுக்கு வழி தெரியும். சூரியனின் நிலையை ஒரே ஒரு தடவை கணித்து, அட்டவணையாக வைத்துக்கொண்டால், சோதனை முழுவதும் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிந்துவிடும். வேலை என்று கேட்டால் வழியைச் சொல்லாமல் இருக்க அவனால் முடியவில்லை. சொன்னான். முத்துக்கருப்பன் வீரணனைக் கூப்பிட்டு விசாரித்தார். அட்டவணையைப் பார்த்துச் சொல்வதென்றால் அதற்குப் பெயர் பஞ்சாங்கம், அது தன்னிடமே இருக்கிறது, அதற்கு எதற்கு ஏ.சி. என்று வீரணன் கேட்டார். 'ஒவ்வொருவருக்கும் வானத்தைத் தனித்தனியாகக் கணிக்கும் ஒரே நிலையம்' என்று வாசலில் போர்டு வேறு தொங்கியது. யோசனை அத்தோடு கைவிடப்பட்டது. பேச்சிமுத்து அன்று மாலையும் அன்னக்கொடியிடம் சோதனை ஓடியது என்றான்.

வேகத்துக்கு வழி கண்டுபிடித்தது சக்கரவர்த்திதான். ஒரு நாள் காலையில் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றவர், எல்லாப் பெயரும் இழுத்துக்கொண்டு நிற்க ஒரு பெயர் மட்டும் சட்டென்று முடிவதைக் கவனித்தார். அது வீரணனின் அப்பா. அவர் நாற்பது வயதுக்குள் இறந்தவர். இறந்தவருக்கு அடுத்த தசை எழுதுவது பாவம் என்று வீரணன் சொன்னதால், அவருடைய முடிவுத் தேதியைக் கொடுத்து, அதோடு கணக்கு நிற்கும்படி பேச்சிமுத்து செய்திருந்தான்.

"அப்ப செத்தவுகளுக்கு சீக்கிரம் முடிஞ்சுரும்?"

"ஆமா சார். மேல கணக்கு இல்லீல்ல."

"பெறகு எதுக்கு மாப்ள உசுரோட இருக்குறவனையெல்லாம் வச்சுக்கிட்டு மாரடிக்கிற?"

மறுநாளே சோதனையிலிருந்து உயிருள்ளவர்கள் நீக்கப்பட்டார்கள். முத்துக்கருப்பன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சமயநல்லூர், வாடிப்பட்டி பக்கமெல்லாம் இறந்தவர்களின் ஜாதகம் கேட்டு அலைந்தார். கிடைக்குமா என்று சந்தேகப்பட்டது வீண். இறந்தவர் ஜாதகத்தை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, ஆற்றில் விட வேண்டும். ஆனால் வைகையில் தண்ணீர் இல்லை. ஆகவே வீட்டுக்கு வீடு பரணில் கிடந்தது. எடுத்துக்கொண்டு போக ஒரு ஆள் வந்தது அவர்களுக்கு நிம்மதி. காப்பி கொடுத்து அனுப்பினார்கள்.

நோட்டம் பழகப் பழக அவருக்குத் தரமும் பிடிபட்டது. ஐம்பது வயதில் போனவரின் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்தார். முப்பது என்றால் யோசித்தார். ஒரு நாள் முகம் மலர வந்து, கம்மாய்க்குக் குளிக்கப் போன பையன், பதினெட்டு வயசு, நல்ல கேஸு மாப்ள என்று மேசையில் வைத்தார். பேச்சிமுத்து அதை வாங்கி ஏற்றினான். பிறந்த தேதி, நேரம், முடிவுத் தேதி. அவன் விரல்கள் எல்லாத் தேதியையும் ஒரே மாதிரிதான் தட்டின.

நாற்பது வயதுக்கு மேல் வரும் தசைகளில் தப்பு இருந்தால் இந்தச் சோதனை காட்டாது என்று கடமைக்கு ஒரு தடவை சொன்னான். அம்புட்டுத் தூரம் எவன் படிக்கப் போகிறான் என்றார் அவர். அதுவும் உண்மை. எவனும் படிக்கவில்லை.

சோதனை இப்போது பத்தரை மணி டீ வருவதற்குள் முடிந்தது. முத்துக்கருப்பனுக்குப் போதவில்லை. இன்னும் சின்ன வயது வேண்டும் என்றார். ஆனால் ஒரு வயதுக்குள் போனவர்களுக்கு ஜாதகமே கிடையாது. இந்த முட்டுச் சந்தில் இரண்டு நாள் நின்றவர், மூன்றாம் நாள் அறைக் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்தார்.

"மாப்ள, தப்பா நெனைக்காத. நம்ம பாப்பா இருக்கால்ல."

பேச்சிமுத்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் தாய்மாமன். காது குத்துக்குச் சீரு செய்ய எனக்குக் குடுத்து வக்கல. இந்த வகையிலயாச்சும் அவ பேரு நெலச்சு நிக்கட்டுமே."

"வீரணன் எழுத மாட்டாரு."

"அவரு எதுக்கு? மிஷினே போடட்டும். அதையே சரின்னு வச்சுக்குவோம்."

"மிஷின் போட்டத மிஷினோட ஒத்துப் பாத்தா அது சோதனையே இல்ல, மச்சான்."

"அப்ப தப்பே வராதுல்ல?"

சார் என்று சொல்லாமல் மச்சான் என்று சொல்லிவிட்டது பேச்சிமுத்துவுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. முத்துக்கருப்பன் அதைப் பெருந்தன்மையோடு விட்டுவிட்டார். பிறந்த நேரம் அவருக்கே தெரியும். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னதே அவர்தான். அவர் சொல்லச் சொல்ல பேச்சிமுத்து தட்டினான். ஒச்சாயி. நாள். நேரம். முடிவு என்ற இடத்தில் ஒரு புதன்கிழமை. மறுக்க வேண்டும் என்று தோன்றியதா என்று பிறகு யோசித்துப் பார்த்தான். தோன்றியது மாதிரி இல்லை. ஏ.சி. அதிகமாக இருந்தது, கை குளிர்ந்திருந்தது, அவ்வளவுதான் நினைவில் இருந்தது.

அந்தப் பெயர் திரையில் வந்ததும் தெரியவில்லை, முடிந்ததும் தெரியவில்லை. சரி என்று விழுந்தது. முத்துக்கருப்பன் இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தார்.

ஆண்டு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. மொட்டை மாடியில் ஷாமியானா, வாசலில் வாழைமரம், பன்னீர், கல்கண்டு. ஓய்வு பெற்ற துணை கலெக்டர் ஒருவர் தலைமை. அவர் கம்ப்யூட்டரைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அதில் கால் மணி நேரம் அவர் தாசில்தாராக இருந்ததைப் பற்றியது. முத்துக்கருப்பனுக்குத் தங்கச்சி முறை என்பதால் அன்னக்கொடிக்கும் அழைப்பு. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து, பெண்கள் வரிசையில் உட்கார்ந்து, கல்கண்டை வாயில் போடாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பாப்பாவைச் சோதனையில் சேர்த்திருக்கும் விஷயத்தைப் பேச்சிமுத்து அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் நினைத்தான். பஸ்ஸில் கூட்டம்.

தலைவர் பேசி முடித்ததும் அனைவரும் அறைக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். வாசலில் செருப்புகள் குவிந்தன. மின்னல் வேகத்தில் ஒரு ஜாதகம் என்று முத்துக்கருப்பன் அறிவித்தார். எந்த ஜாதகத்தைப் போடுவது என்பதை அவர் முன்பே முடிவு செய்திருந்தார். பேச்சிமுத்து அன்னக்கொடியைத் தேடினான். அவள் கதவுக்குப் பக்கத்தில் ஒருச்சாய்ந்து நின்றாள்.

"போடு மாப்ள," என்றார் முத்துக்கருப்பன்.

போட்டான்.

பிரிண்டர் கிறீச்சிட்டு இரண்டு தாளைத் துப்பியது. அங்கேதான் ஒரு சின்னக் குறை. முடிவுத் தேதி கொடுத்தால் தசைக் கணக்குத்தான் நிற்கும். பலன் பகுதிக்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. முதல் தாளில் ஒரே ஒரு தசையும் அரைகுறையாக இரண்டு வரியும் இருந்தன. இரண்டாவது தாள் நிறைய எழுத்து. முத்துக்கருப்பன் நிறைய எழுத்து இருந்த தாளைக் கிழித்துத் தலைவரிடம் கொடுத்தார். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேடைக் குரல் இன்னும் தொண்டையில் மிச்சம் இருந்ததால், உரக்கப் படித்தார்.

ஒச்சாயி. இந்த ஜாதகர் தீர்க்காயுள் உடையவர். உயர்கல்வி உண்டு. இருபத்து நான்காம் வயதில் திருமண யோகம். கணவர் அரசு உத்தியோகம். பேரன் பேத்தி எடுத்து வாழ்வார்.

"யாரு வீட்டுப் பிள்ளைங்க? ரொம்ப அதிர்ஷ்டமான ஜாதகம்," என்றார்.

"என் மருமகதாங்க," என்றார் முத்துக்கருப்பன். கைதட்டினார்கள்.

அன்னக்கொடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அந்தத் தாளைத் தனக்குத் தர முடியுமா என்று தலைவரிடம் கேட்டாள். அவர் பரிசு கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் கொடுத்தார். போட்டோக்காரர் அதை எடுத்தார்.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். சாப்பிட்டார்கள். பெரியார் பஸ் ஸ்டாண்டில் வாடிப்பட்டி பஸ்ஸில் இருவருக்கும் பக்கத்தில் பக்கத்தில் இடம் கிடைத்தது. பஸ் பாலம் தாண்டும்வரை அவள் தாளைப் பிரிக்கவில்லை. பிறகு பிரித்து, மெதுவாக, உதட்டை அசைத்துப் படித்தாள்.

"இருபத்து நாலுல கல்யாணமாம்."

"ம்."

"அப்ப செவ்வாக்கெழமையே தூக்கிட்டுப் போயிருக்கணும்."

பேச்சிமுத்து எதிர் சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அது எல்லாருக்கும் அதத்தான் போடும். யாரு வந்தாலும் தீர்க்காயுள்தான். அந்த வரி நான் எழுதுனது."

"எல்லாருக்குமா?"

"வீரணன் அப்பாவுக்கும் அதான். கம்மாயில போன பையனுக்கும் அதான்."

அவள் தாளைத் திரும்பவும் பார்த்தாள். "அப்ப அது பாப்பாவப் பாக்கவே இல்லியா?"

"இல்ல."

கண்டக்டர் வந்து காசை வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுத்தார். மீதிச் சில்லறை இல்லை, இறங்கும்போது வாங்கிக்கொள் என்றார்.

"இத நீங்க எழுதயில பாப்பா இருந்தாளா?" என்று கேட்டாள் அன்னக்கொடி.

அவன் யோசித்தான். வீட்டில் உட்கார்ந்து, வீரணன் சொன்ன பலன்களையெல்லாம் தாளில் எழுதிக்கொண்டிருந்த சாயங்காலம். பென்சிலைப் பிடுங்க வந்துகொண்டே இருந்தாள்.

"இருந்தா."

அன்னக்கொடி தாளை நான்காக மடித்தாள். சமயநல்லூரில் இறங்கும்போது கண்டக்டரிடம் மீதியை அவள்தான் ஞாபகமாகக் கேட்டு வாங்கினாள்.

திங்கட்கிழமை காலையில் முத்துக்கருப்பன் பட்டத்தைப் பேரரசர் என்று மாற்றச் சொல்லிவிட்டு வாசலில் போர்டு எழுதுகிறவனோடு பேசப் போனார். பேச்சிமுத்து பேரரசர் ஆக்கினான். அப்படியே புரோகிராமில் கீழே போய், தீர்க்காயுள் வரியை அழித்தான். சோதனையை ஓட்டினான்.

முதல் பெயருக்குத் தவறு என்று விழுந்தது. இரண்டாவதற்கும் தவறு. வீரணனின் அப்பா, கம்மாய்ப் பையன், பிரசவத்தில் போனவள், மஞ்சள் காமாலையில் போனவன், எல்லாருக்கும் வரிசையாகத் தவறு. கடைசியில் ஒச்சாயி. தவறு. முத்துக்கருப்பன் திரும்பி வந்து, அவன் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தார்.

"என்ன மாப்ள, அம்புட்டும் தப்புங்குது?"

"ஆயுள் வரிய எடுத்துட்டேன்."

"ஏன்?"

முத்துக்கருப்பன் அவன் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு கணம் அவருக்கு ஏதோ புரிந்தது போலிருந்தது. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எம்புட்டு நேரத்துல முடிஞ்சது?"

"முந்தி மாதிரிதான்."

"அப்பச் சரி. அந்த வரியத் திரும்பப் போட்டுரு. சனங்க அதுக்குத்தான் வருது."

அவர் போன பிறகு வரியைத் திரும்பப் போட்டான். பட்டியலில் கடைசிப் பெயரை எடுத்தான். மறுபடி ஓட்டினான். இருந்த எல்லாருக்கும் சரி என்று வந்தது. ஒரு பெயர் குறைந்ததில் சோதனை நேரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முத்துக்கருப்பன் கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு வாரம் யோசித்து வைத்திருந்தான். அவர் கேட்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை மாலை சட்டையைக் கழற்றும்போது, வழக்கமாகக் கேள்வி வரும் இடத்தில் கொஞ்சம் நின்றான். கத்திரிக்காய் வாங்கி வந்தீர்களா என்று அன்னக்கொடி அடுப்படியிலிருந்து கேட்டாள். மறந்துவிட்டது என்றான். பரவாயில்லை, ரசம் வைத்துக்கொள்ளலாம் என்றாள்.